படிக்கட்டில் பிறந்த ஓசை

றொக் இசைக்குழுவொன்றைப் பதிவுசெய்யப் பெரிய மண்டபமும் விலையுயர்ந்த கருவிகளும் இன்றியமையாதன என்பதே 1960ஆம் ஆண்டளவில் இலண்டன் நகரத்து இசைத்தட்டு நிறுவனங்களின் எண்ணமாயிருந்தது. ஒரு குடியிருப்பு வீட்டினுள் இருந்துகொண்டே அவ்வெண்ணத்தைப் பொய்ப்பித்தவர் ஜோ மீக். ஹொலவே வீதி 304ஆம் இலக்கக் கட்டடத்தின் கீழே தோற்பொருட் கடை. அதன் மேல்மாடிகளே அவருக்கு வீடும் ஒலிப்பதிவுக் கூடமும். விமானப்படையில் ராடார்த் தொழில் பழகியவர் அவர்.

வீட்டில் பதிவுசெய்வோர்க்கு முதல் இடர் யாது? சிறிய அறையில் முரசும் கித்தாரும் குரலும் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஒலிவாங்கி எட்ட நின்றால் அக்கலவையே அதன் காதில் விழும். பின்னர் எதையும் பிரித்தெடுத்தல் இயலாது. ஆகவே மீக் ஒலிவாங்கியைக் கருவிகளின் மிக அருகே கொண்டுசென்றார். பாஸ் கித்தாரையோ கம்பிவழியே நேராகப் பதிவுக் கருவியுடன் இணைத்தார். அங்கே அறைக்கு வேலையே இல்லை.

இவ்வாறு பதிந்த ஓசை வறண்டிருக்கும். வெளியேற்றிய அறையை வேறுவழியால் திரும்ப அழைக்கவேண்டும். குளியலறைச் சுவர்கள் அவருக்கு இதில் உதவின. குளிக்கும்போது பாடும் வழக்கமுடையோர்க்கு இவ்விரகசியத்தை விளக்கவேண்டியதில்லை.

அடுத்தது நாடா வித்தை. ஒரு நாடாவிலுள்ளதை மற்றொன்றுக்கு மாற்றும்போதே புதிய ஓசையொன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு மாற்றத்திலும் இரைச்சலும் சிறிது ஏறும். எங்கே நிறுத்துவது என்று அறிவதே கெட்டித்தனம். 1962இல் டொர்னேடோஸ் குழுவினர் ‘டெல்ஸ்டார்’ இசையை வாசித்துவிட்டுப் போனபின், கிளாவியோலின் என்னும் மின்னிசைக் கருவியின் நாதம் இம்முறையிலேயே சேர்க்கப்பட்டது. அவ்விசைத்தட்டு பிரித்தானியாவில் மட்டுமன்றி அமெரிக்காவிலும் முதலிடம் பெற்றது.

1964இல் ஹணிகோம்ஸ் குழுவின் பாட்டொன்றுக்கு முரசொலி போதவில்லை. குழுவினரை மரப்படிக்கட்டில் நிறுத்திக் காலால் உதைக்கச் செய்தார் மீக். கைப்பிடியில் ஒலிவாங்கிகளைப் பொருத்தியவை, சைக்கிள் ஓட்டுவோர் காற்சட்டையில் மாட்டும் கவ்விகள்! அதுவும் பிரித்தானியாவில் முதலிடம் பெற்றது.

அயலார் நிலை வேறு. கீழேயிருந்த வீட்டுக்காரப் பெண்மணி இரைச்சல் பொறாது தும்புத்தடியால் கூரையை இடிப்பாராம். மீக் ஓசையை இன்னும் கூட்டுவாராம். கேட்கச் சிரிப்பு வரும், முடிவோ கொடியது. ‘டெல்ஸ்டார்’ மெட்டுத் தம்முடையதென்று ஒரு பிரெஞ்சு இசையமைப்பாளர் வழக்குத் தொடுத்தமையால் அதன் வருமானம் மீக்கின் கைக்கு எட்டவில்லை. கடனும் மனநோயும் அவரை வாட்டின. 1967 பெப்ரவரி 3ஆம் நாள் அப்பெண்மணியைச் சுட்டுக்கொன்று, தம்மையும் மாய்த்துக்கொண்டார். வழக்கு அவருக்குச் சார்பாக முடிந்தது அவர் இறந்த பின்னரே.

அவர் விட்டுச்சென்ற ஆயிரத்துக்கு மேற்பட்ட ஒலிநாடாக்கள், இலங்கையர்க்கு நன்கு பழகிய தேயிலைப் பெட்டிகளில் அடைக்கப்பட்டு, பல்லாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தன.