தோட்டத்துக்கு அடியில் ஓடும் கழிவுநீர்க் குழாய் யார் பொறுப்பு? சந்தேகங்களும் விளக்கங்களும்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனியார் கழிவுநீர்க் குழாய்களைப் பொது வலையமைப்புடன் சேர்க்கும் சட்ட மாற்றம் 2011 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆனாலும் எந்தக் குழாய் யாருடையது என்ற குழப்பம் இன்னும் தீரவில்லை.

இதற்கு முன் செலவை யார் ஏற்றார்கள்?

1937 அக்டோபர் 1-க்கு முன் பல வீடுகளுக்காகப் போடப்பட்ட குழாய்கள் பெரும்பாலும் ஏற்கெனவே பொதுக் குழாய்களாகவே இருந்தன. அதற்குப் பிந்தையவை முறைப்படி ஏற்கப்படாதிருந்தால், செலவு அவற்றைப் பயன்படுத்தும் வீட்டு உரிமையாளர்களின் தலையில் விழுந்தது. வரிசை வீடுகளின் கீழ்முனையிலிருந்து மூன்றாவது வீட்டுக்கு அடியில் குழாய் அடைத்தால், கழிவுநீர் பொங்குவது நான்காவது வீட்டு மேன்ஹோலில். தனக்குத் தொல்லையே இல்லாத மூன்றாவது வீட்டுக்காரர் ஏன் பணம் தர வேண்டும் என்பதில்தான் தகராறு.

எந்தக் குழாய்கள் மாற்றப்பட்டன?

2011 ஜூலை 1 அன்று பொது வலையமைப்புடன் இணைந்திருந்த தனியார் குழாய்கள் மாற்றப்பட்டன. ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளுக்குப் பொதுவான குழாயும், ஒரே வீட்டுக்கான குழாயில் மனை எல்லைக்கு வெளியே உள்ள பகுதியும் இதில் அடங்கும். எல்லைக்குள் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் பயன்படும் பகுதி உரிமையாளரிடமே இருக்கிறது.

அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் இது பொருந்துமா?

ஒரே வளாகத்துக்குள் உள்ள குழாய்கள் பொதுவாக வளாக உரிமையாளரின் பொறுப்பிலேயே தொடர்கின்றன. வளாக எல்லையைத் தாண்டிய பகுதி மட்டுமே மாறியது.

உள்ளாட்சி மன்றங்களே ஏன் ஏற்கவில்லை?

கழிவுநீர்ப் பணி 1974-ல் மன்றங்களிடமிருந்து வட்டார நீர் ஆணையங்களுக்கும், 1989-ல் தனியார் நிறுவனங்களுக்கும் சென்றது. எனவே மன்றங்களிடம் அல்லாமல், பத்து நீர் மற்றும் கழிவுநீர் நிறுவனங்களிடம் இந்தக் குழாய்கள் ஒப்படைக்கப்பட்டன. இன்னும் தனியாரிடம் உள்ள குழாய் அடைத்துக்கொண்டால், 48 மணி நேரத்துக்குள் சரிசெய்யுமாறு மன்றம் அறிவிப்பு அனுப்பலாம். செய்யாவிட்டால் மன்றமே சரிசெய்து, செலவை உரியவரிடம் வசூலிக்கலாம்.

உரிமையாளர் பணம் கட்ட வேண்டியிருந்ததா? மறுக்க முடிந்ததா?

மாற்றத்துக்குத் தனிக் கட்டணம் இல்லை, விண்ணப்பமும் தேவைப்படவில்லை. பராமரிப்புச் செலவு எல்லா வாடிக்கையாளர்களின் கழிவுநீர்க் கட்டணத்திலும் பகிரப்படுகிறது. ஆட்சேபம் இருந்தவர்கள், அறிவிப்பு கிடைத்த இரண்டு மாதங்களுக்குள் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்வாட்டிடம் முறையிட வாய்ப்பு தரப்பட்டது.

பம்பிங் நிலையங்கள்?

தகுதியுள்ளவற்றை ஏற்க 2016 அக்டோபர் 1 வரை அவகாசம் தரப்பட்டது.

செப்டிக் டேங்க் வைத்திருப்பவர்களுக்கு என்ன?

பொது வலையமைப்புடன் இணையாததால் அவர்களுக்கு இந்த மாற்றம் பொருந்தாது. ஆனால் தனித்தனித் தொட்டிகளால் சுற்றுச்சூழல் கெடும் இடங்களில், 1991-ம் ஆண்டு நீர்த்தொழில் சட்டத்தின் 101ஏ பிரிவின்படி பொதுக் குழாய் அமைத்துத் தருமாறு நிறுவனத்தைக் கோரலாம். நிறுவனம் உடன்படாவிட்டால், இங்கிலாந்தில் சுற்றுச்சூழல் முகமை முடிவு செய்யும்.

2011 ஜூலைக்குப் பின் கட்டிய வீடுகள்?

சிக்கல் மிச்சமிருப்பது இங்கேதான். புதிய குழாய்களுக்கு ஏற்பு ஒப்பந்தம் கட்டாயம் என்ற விதி வேல்ஸில் 2012 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. இங்கிலாந்தில் அந்தக் கட்டாயம் வரவில்லை. அங்கே கட்டுமான நிறுவனம் நீர்த்தொழில் சட்டத்தின் 104-வது பிரிவின்படி ஒப்பந்தம் செய்து, குழாய்கள் முறைப்படி ஏற்கப்பட்டால்தான் அவை பொதுக் குழாய்களாகும். ஒப்பந்தம் இருக்கிறதா, ஏற்பு முடிந்துவிட்டதா என்ற இரண்டையும் வீடு வாங்குபவர் பத்திரப் பதிவுக்கு முன்பே வழக்கறிஞர் வழியாக எழுத்தில் பெற்றுக்கொள்வது அவசியம்.