‘எஃப்’ கார்டில் மாட்டிக்கிட்டீங்களா? இன்வெர்ஷன் இருக்கே!

ஆசையா கிட்டார் வாங்கி, யூடியூப் பார்த்து சி, ஜி, ஏ மைனர் வரைக்கும் வந்தாச்சு. அடுத்து ‘எஃப்’. ஆள்காட்டி விரலைப் படுக்கப் போட்டு ஆறு ஸ்ட்ரிங்கையும் அழுத்தணும். விரல் வலிக்கும்; சத்தமோ ‘டொக் டொக்’னுதான் வரும். பலரோட கிட்டார் பீரோ மேல ஏறுவது இந்தக் கட்டத்தில்தான். என்னுடையது ஆறு மாசம் அங்கே இருந்தது.

உண்மையில் மேஜர் கார்ட் என்பது மூணே ஸ்வரம். சி மேஜர் என்றால் சி, ஈ, ஜி. இதில் சி அடியில் இருந்தால் ரூட் பொசிஷன். ஈ அடியில் வந்தால் முதல் இன்வெர்ஷன். ஜி வந்தால் இரண்டாவது. ஆட்கள் அதேதான், நிற்கிற வரிசைதான் வேற. அப்போ, மூணு ஸ்ட்ரிங் போதுமே!

மெல்லிய மூணு ஸ்ட்ரிங்கை மட்டும் எடுத்துக்குங்க. 3, 2, 1 என்ற ஸ்ட்ரிங் வரிசையில் அழுத்த வேண்டிய ஃப்ரெட்கள் இவை:

சி: 5-5-3 (ரூட் பொசிஷன்)
எஃப்: 5-6-5 (இரண்டாவது இன்வெர்ஷன்)
ஜி: 4-3-3 (முதல் இன்வெர்ஷன்)

சி-யில் நடுவிரலை 3-வது ஸ்ட்ரிங்கில் வைங்க. மோதிர விரல் 2-வதில், ஆள்காட்டி விரல் 1-வதில். எஃப்-க்குப் போகும்போது நடுவிரலை எடுக்கவே வேண்டாம். ரெண்டு கார்டுக்கும் அந்த ஸ்வரம் பொது. சுண்டு விரல் 2-வது ஸ்ட்ரிங்குக்கும், மோதிர விரல் 1-வதுக்கும் வரட்டும். ஜி-க்கு நடுவிரல் ஒரு ஃப்ரெட் பின்னால் சறுக்கும். ஆள்காட்டி விரல் மற்ற ரெண்டு ஸ்ட்ரிங்கையும் சேர்த்து அழுத்தும். ஆறுக்குப் பதில் ரெண்டு, அவ்வளவுதான் வலி. அங்கிருந்து சி-க்குத் திரும்பும்போது 1-வது ஸ்ட்ரிங் அப்படியே நிற்கும்.

பார் கார்டே வேண்டாம்னு சொல்லல. தனியா வாசிச்சா இந்தக் குட்டி கார்ட்கள் கொஞ்சம் மெலிசாத்தான் கேட்கும். கீபோர்டோ பேஸ் கிட்டாரோ கூட இருந்தால் அந்தக் குறை தெரியாது.

தனியா வாசிக்கிறவங்களுக்கும் இன்வெர்ஷன் உதவும். கார்ட் ஷீட்டில் ‘ஜி/பி’ன்னு பார்த்திருப்பீங்க. ஜி கார்டை, பி ஸ்வரம் அடியில் வர்ற மாதிரி வாசிக்கணும் என்று அர்த்தம். அதுவும் முதல் இன்வெர்ஷன்தான். சி, ஜி/பி, ஏ மைனர் என வரிசையா வாசிச்சுப் பாருங்க. அடி ஸ்வரம் 5-வது ஸ்ட்ரிங்கிலேயே 3-வது ஃப்ரெட், 2-வது ஃப்ரெட், பிறகு ஓப்பன் என்று படி இறங்கி வரும். ஜி/பி-க்குப் பதில் சாதா ஜி போட்டும் ஒருமுறை வாசிங்க, வித்தியாசம் காதிலேயே தெரியும்.