இழுவை இணைப்பு

இழுவை இணைப்பு என்பது கார், ஜீப், டிராக்டர் போன்ற ஒரு வண்டியுடன் டிரெய்லரைப் பூட்டி இழுப்பதற்குப் பயன்படும் கருவித் தொகுதி ஆகும். இழுக்கும் விசை, பிரேக் பிடிக்கும்போது பின்னிருந்து வரும் தள்ளுவிசை, டிரெய்லரின் முன்பகுதி கீழ்நோக்கி அழுத்தும் எடை ஆகிய மூன்றையும் இதுவே தாங்குகிறது. ஓடும்போது கழன்றுவிட்ட டிரெய்லரை ஓட்டுநரால் கட்டுப்படுத்த இயலாது. அது எதிரே வருபவர் மீதோ சாலையோரம் நிற்பவர் மீதோ மோதக்கூடும். எனவே சுமைக்குப் பொருத்தமான இணைப்பைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பின் முதற்படியாகக் கருதப்படுகிறது.

உறுப்புகள்

கார்களில் பரவலாகப் பயன்படுவது பந்து வகை இணைப்பு. வண்டியின் சட்டகத்தில் ஓர் இரும்புச் சட்டம் போல்ட்டுகளால் பொருத்தப்படும். வட அமெரிக்காவில் இச்சட்டத்தின் நடுவே 'ரிசீவர்' எனப்படும் சதுரக் குழாய் இருக்கும். அதனுள் ஒரு தண்டு செருகப்பட்டு, குறுக்கே ஊசியிட்டுப் பூட்டப்படும். தண்டின் முனையில் எஃகுப் பந்து இருக்கும். டிரெய்லரின் முன்முனையில் உள்ள, கிண்ணம் போன்ற 'கப்ளர்' இப்பந்தின் மேல் கவிழ்ந்து பூட்டிக்கொள்ளும். பந்து உருண்டையாக இருப்பதால் வண்டி திரும்பும்போதும் மேடு பள்ளங்களில் ஏறி இறங்கும்போதும் டிரெய்லர் தடையின்றி அசைய முடிகிறது.

பந்தின் அளவு

அமெரிக்காவில் 1 7/8 அங்குலம் (47.6 மி.மீ.), 2 அங்குலம் (50.8 மி.மீ.), 2 5/16 அங்குலம் (58.7 மி.மீ.) ஆகிய விட்டங்களில் பந்துகள் பெரும்பாலும் பயன்படுகின்றன. ஐரோப்பாவில் 50 மி.மீ. பந்தே பொது அளவு. கப்ளரைவிடப் பெரிய பந்து உள்ளே நுழையாது என்பதால் அந்தத் தவறு உடனே தெரிந்துவிடும். சிறிய பந்தோ கப்ளருக்குள் எளிதாக நுழைந்து, பூட்டியது போலவே தோன்றும். ஆனால் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போது துள்ளிக் கழன்றுவிடக்கூடும். பந்தின் விட்டமும் தாங்கும் எடையும் வழக்கமாக அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். கப்ளரிலும் அதற்குரிய அளவு குறிக்கப்பட்டிருக்கும். இரண்டும் ஒத்திருக்க வேண்டும்.

தாங்கும் திறன்

அமெரிக்க உற்பத்தியாளர்கள் இணைப்புகளை வகுப்புகளாகப் பிரிக்கின்றனர். முதல் வகுப்பு 2,000 பவுண்டு (சுமார் 907 கி.கி.) வரையும், இரண்டாம் வகுப்பு 3,500 பவுண்டு (சுமார் 1,588 கி.கி.) வரையும் இழுக்க ஏற்றவை. கூடுதல் எடைக்கு அடுத்தடுத்த வகுப்புகள் உள்ளன.

எனினும் வகுப்பு எண்ணை மட்டும் பார்ப்பது போதாது. வண்டி, ரிசீவர், தண்டு, பந்து, கப்ளர், சங்கிலி ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எல்லை உண்டு. அவற்றுள் மிகக் குறைந்த எல்லையே முழுத் தொகுதியின் எல்லையாகும். எடுத்துக்காட்டாக, வண்டியின் இழுதிறன் 2,000 கி.கி., ரிசீவரின் திறன் 1,588 கி.கி., பந்தின் திறன் 907 கி.கி. எனில், 907 கி.கி.க்கு மேல் இழுக்கக் கூடாது. பெரிய ரிசீவரைப் பொருத்துவதால் வண்டியின் இழுதிறன் கூடிவிடாது.

முன்முனைச் சுமை

டிரெய்லரின் முன்முனை பந்தின் மீது கீழ்நோக்கித் தரும் எடை முன்முனைச் சுமை எனப்படும். வட அமெரிக்க நடைமுறையில் இது டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை இருக்க வேண்டும் எனப் பரிந்துரைக்கப்படுகிறது. 1,500 கி.கி. டிரெய்லருக்கு இது 150 முதல் 225 கி.கி. வரை ஆகும். ஐரோப்பியக் கார்களில் அனுமதிக்கப்படும் அளவு பொதுவாக இதைவிடக் குறைவு. ஆகவே வண்டியின் கையேட்டில் உள்ள எல்லையையே பின்பற்ற வேண்டும்.

முன்முனைச் சுமை மிகக் குறைந்தால், வேகம் கூடும்போது டிரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். அதிகமானால் வண்டியின் பின்புறம் தாழ்ந்து முன்புறம் உயரும். அப்போது முன்சக்கரங்களின் பிடிமானம் குறைந்து, ஸ்டியரிங்கும் பிரேக்கும் சரியாக வேலை செய்யாது. இத்தகைய சுமையின் ஒரு பகுதியை முன் அச்சுக்குத் திருப்பிவிட, வில் போல வளைந்துகொடுக்கும் எஃகுத் தண்டுகள் கொண்ட எடைப் பகிர்வு இணைப்பு பயன்படுகிறது. சரக்கின் பெரும்பகுதியை டிரெய்லரின் அச்சுக்குச் சற்று முன்னே வைத்து இறுகக் கட்டுவதே சமநிலைக்கு அடிப்படை.

காப்பு அமைப்புகள்

பந்து கழன்றாலும் டிரெய்லர் பிரிந்து ஓடாமலிருக்க இரு காப்புச் சங்கிலிகள் பொருத்தப்படும். அவற்றை முன்முனைக்குக் கீழே ஒன்றுக்கொன்று குறுக்காக மாட்டினால், கழன்ற முனை தரையில் குத்தாமல் தொட்டில் போலத் தாங்கப்படும். சங்கிலி வளைவுகளில் திரும்பப் போதிய தளர்வுடன் இருக்க வேண்டும். தரையில் உரசக் கூடாது. பிரேக் உள்ள டிரெய்லர்களில் தனியாக ஒரு கம்பி வடமும் இருக்கும். டிரெய்லர் பிரிந்தால் இது இழுபட்டு, டிரெய்லரின் பிரேக்கைத் தானாக இயக்கும்.

டிராக்டரில் இணைப்பு

இந்தியாவில் டிரெய்லர் என்றதும் நினைவுக்கு வருவது நெல், கரும்பு, செங்கல் ஏற்றும் டிராக்டர் டிரெய்லரே. இதில் பந்துக்குப் பதிலாகக் கொக்கியோ, துளையில் இறங்கும் தடித்த ஊசியோ பயன்படும். ஊசி துள்ளி வெளிவராமல் அதன் அடியில் கிளிப் மாட்டுவது கட்டாயம். கிளிப்புக்குப் பதில் கட்டுக்கம்பியோ, ஊசிக்குப் பதில் கிடைத்த போல்ட்டோ பயன்படுத்துவது ஆபத்தானது.

டிராக்டரில் இணைப்பின் உயரமும் முக்கியம். சுமையைத் தாழ்வாக உள்ள இழுவைத் தண்டில் மட்டுமே பூட்ட வேண்டும். பின் அச்சுக்கு மேலே சங்கிலி கட்டி இழுத்தால், அந்த விசை டிராக்டரின் முன்புறத்தைத் தூக்கும். ஓரிரு நொடிகளில் டிராக்டர் பின்புறமாகக் கவிழ்ந்து ஓட்டுநரை நசுக்கிவிடக்கூடும். பல டிராக்டர் டிரெய்லர்களில் தனி பிரேக் இல்லாததால், இறக்கத்தில் முழுச் சுமையும் இணைப்பையும் டிராக்டரையும் தள்ளும். சாலையில் செல்லும் முன் இடது, வலது பிரேக் மிதிகளை ஒன்றாகப் பூட்டிக்கொள்ள வேண்டும்.

புறப்படும் முன் சோதனை

கார் டிரெய்லரில் கப்ளரைப் பூட்டிய பின் முன்முனைத் தூக்கியைச் சற்றே உயர்த்திப் பார்க்கலாம். வண்டியின் பின்புறமும் சேர்ந்து உயர்ந்தால் கப்ளர் பந்தைப் பிடித்திருக்கிறது என்று பொருள். பின்னர் பூட்டு ஊசி, சங்கிலி, பின்விளக்குகள், டயர் காற்று ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். சிறிது தூரம் சென்றதும் நிறுத்தி மீண்டும் ஒருமுறை பார்ப்பது நல்லது. வழியில் டிரெய்லர் ஆடத் தொடங்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து வேகத்தைக் குறைக்க வேண்டும். ஆட்டத்தை நிறுத்த வேகத்தைக் கூட்டுவதோ, ஸ்டியரிங்கை மாறி மாறித் திருப்புவதோ கூடாது.