வீட்டுச் சுவரில் பெரிய படம்: தாளும் மையும் ஈரக்காற்றும்

நம்மில் பலர் வீட்டில் ஒரு விநோதத்தைப் பார்க்கலாம். 1950களில் எடுத்த தாத்தா பாட்டி படம் கறுப்பு வெள்ளையில் இன்னும் தெளிவாக இருக்கும். 1970களில் எடுத்த அப்பா அம்மா திருமணப் படமோ செக்கச் செவேலென்று மாறியிருக்கும். கூறைச் சேலை என்ன நிறம் என்று அம்மாவைக் கேட்டால்தான் தெரியும்.

காரணம் இதுதான். கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவத்தைத் தாங்குவது வெள்ளி உலோகம். வண்ணப் படத்தில் இருப்பவை மூன்று சாயங்கள். அக்காலத் தாள்களில் நீலப்பச்சைச் சாயம் இருட்டில்கூட முதலில் வெளிறிவிடும். மிஞ்சுவது சிவப்பும் மஞ்சளும். ஆல்பத்தை அலமாரியில் பூட்டி வைத்தாலும் இது நிற்காது. எனவே அவசரம் தாத்தா படத்துக்கு இல்லை, அப்பா படத்துக்குத்தான்.

அதை ஸ்கேன் செய்து, நிறம் திருத்தி, நல்ல பருத்தித் தாளில் வீட்டிலேயே அச்சிட முடியும். 2020ல் வந்த எப்சன் பி900 போன்ற மேசை அச்சுப்பொறி 17 அங்குல அகலமுள்ள சுருள் தாளை ஏற்கும். சுருள் தாங்கியைத் தனியாக வாங்க வேண்டும். சுருளின் பயன் நீளத்தில்தான் இருக்கிறது. ஐம்பது பேர் வரிசையாக நிற்கும் கல்யாணப் படத்தையோ, சிராங்கூன் சாலையின் தீபாவளி ஒளியூட்டையோ மூன்று நான்கு அடிக்கு வெட்டாமல் அச்சிடலாம். மாதம் ஒரு சிறு படம்தான் என்றால் வெட்டிய தாளே போதும். அல்லது கடையில் கொடுத்துவிடுங்கள், செலவு மிச்சம்.

மையிலும் கவனம் வேண்டும். 1991ல் பாடகர் கிரஹாம் நேஷ் கலிஃபோர்னியாவில் தொடங்கிய நேஷ் எடிஷன்ஸ், கலைத்தாளில் மை தெளித்துப் படம் அச்சிடுவதில் முன்னோடி. அங்கிருந்த ஐரிஸ் இயந்திரத்தில் பயன்பட்டது சாய மை. பார்க்க அழகு, ஆனால் வெளிச்சம் பட்டால் வெளிறும். பிறகுதான் நிறமி மை வீட்டு அச்சுப்பொறிகளுக்கும் வந்தது. சாயம் தண்ணீரில் கரைந்திருப்பது. நிறமி என்பது கரையாத நுண்துகள், ஒளியை வெகுகாலம் தாங்கும். வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

தாளுக்கும் அப்படியே. மலிவான மரக்கூழ்த் தாளில் லிக்னின் என்ற பொருள் இருக்கிறது. நீங்கள் கையில் வைத்திருக்கும் செய்தித்தாளை ஒரு வாரம் வெயிலில் போட்டுப் பாருங்கள், அதன் வேலை புரியும். பருத்தித் தாளில் அது இல்லை. ஜெர்மனியில் 1584 முதல் தாள் செய்துவரும் ஹானமூலேயின் ஃபோட்டோ ராக் முழுக்கப் பருத்தி, சதுர மீட்டருக்கு 308 கிராம். கண்ணைப் பறிக்கும் நீல வெள்ளைத் தாள்களில் வெண்மையூட்டி கலந்திருக்கும். அது நாளடைவில் தன் சக்தியை இழந்து, தாள் மஞ்சளாகத் தெரியும்.

இனி நம் ஊர்ப் பிரச்சினைக்கு வருவோம். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90ஐத் தாண்டும், மழையில்லாத பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். கலைத்தாளுக்கு ஏற்றது 40 முதல் 60 வரை. பருத்தி ஈரத்தைக் குடித்து உப்பும். ஓரங்கள் அலை அலையாக எழும்பி அச்சுத்தலையில் உரசும், படத்தில் கறுப்புக் கோடு விழும். எனவே சுருளை உறையிலிருந்து எடுத்தபடி வீவக வீட்டின் சாமான் அறையில் நிறுத்தி வைக்காதீர்கள். கேமரா லென்சில் பூஞ்சை படியாமலிருக்க உலர்பெட்டி வாங்குகிறோம் அல்லவா? தாளுக்கும் அந்த மரியாதை வேண்டும். அதே பிளாஸ்டிக் உறையில் ஈரம் உறிஞ்சும் சிறு பைகளோடு கட்டி வையுங்கள். அச்சிடும் நாளில் ஏர்கோன் போட்ட அறையில் சில மணி நேரம் இருக்கட்டும். ஈரத்தால் ஒரு நன்மையும் உண்டு: வறண்ட நாடுகளைவிட இங்கே அச்சுத்தலையில் மை காய்ந்து அடைப்பது குறைவு.

சுருளிலிருந்து வெட்டிய தாள் மீண்டும் சுருண்டுகொள்ளும். சுருள் தீரத் தீரப் பிடிவாதம் கூடும். அகலமான குழாயில் எதிர்ப்புறமாகச் சுற்றிச் சிறிது நேரம் வைத்தால் நிமிரும், இறுக்கினால் மடிப்பு விழும். அச்சிடுமுன் மென்மையான தூரிகையால் தாளைத் தட்டிவிடுங்கள். பருத்தித் தூசின்மேல் மை விழுந்து, தூசு பிறகு உதிர்ந்தால், அப்பாவின் கன்னத்தில் வெள்ளைப் புள்ளி இருக்கும்.

எவ்வளவு பெரிதாக்கலாம்? 4க்கு 6 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளியில் ஸ்கேன் செய்தால் 2400க்கு 3600 புள்ளி கிடைக்கும். அங்குலத்துக்கு 240 வீதம் அச்சிட்டால் 10க்கு 15 அங்குலம். அதற்குமேல் இழுத்தால் முகம் பெரிதாகும், விவரம் கூடாது. நெகட்டிவ் கிடைத்தால் அதையே ஸ்கேன் செய்யுங்கள், படத்தைவிட அதில் விவரம் அதிகம்.

பழைய படம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்க முயலாதீர்கள். நம் ஈரத்தில் படத்தின் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியைப் பிடித்துவிடுகிறது, இழுத்தால் முகமே உரிந்து வரும். கண்ணாடியோடு சேர்த்துப் படம் பிடிப்பதே பாதுகாப்பு.

புதுப்படத்தை ஒரு நாளாவது காயவிட்டுச் சட்டம் போடுங்கள். இல்லையேல் மையின் ஆவி கண்ணாடியில் புகைபோலப் படியும். தேக்காவிலோ பிராஸ் பசாவிலோ சட்டம் போடக் கொடுத்தால், அமிலமற்ற அட்டை வேண்டும், படம் கண்ணாடியைத் தொடக்கூடாது என்று சொல்லிக் கொடுங்கள். சட்டத்தின் பின்மூலைகளில் சிறு கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று போகும், பூஞ்சை பிடிக்காது. குளியலறைச் சுவரும் மாலை வெயில் விழும் சுவரும் வேண்டாம். சந்தனப் பொட்டு கண்ணாடிமேல் இருக்கட்டும், விளக்கைச் சற்றுத் தள்ளி வையுங்கள்.

சட்டத்துக்குள் போகுமுன் தாளின் பின்புற ஓரத்தில், மென்மையான பென்சிலால், யார் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுதிவிடுங்கள். பேனா வேண்டாம், அதன் மை ஊறி முன்பக்கம் தெரியக்கூடும். பெயர் தெரிந்த பெரியவர் வீட்டில் இருந்தால், அச்சிடும் முன்பே அவரிடம் படத்தைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். சேலையின் நிறத்தையும் சேர்த்து.