மின், நிம், பகடை: ஒரு கற்பனை மொழியும் நமது மொழியின் நினைவும்

2015 ஜூலையில் மதுரையில் ஒரு திரையரங்கின் மீது பெட்ரோல் குண்டு வீசப்பட்டது. அங்கே ஓடிக்கொண்டிருந்த படம் 'பாகுபலி'. பிரச்சினை கதையோ நடிகரோ அல்ல. தமிழ் வசனத்தில் வந்த 'பகடை' என்ற ஒரு சொல். அருந்ததியரைக் குறிக்கும் பெயர் வசைப்பொருளில் வந்திருக்கிறது என்று எதிர்ப்பு எழுந்தது. வசனம் எழுதிய மதன் கார்க்கி வருத்தம் தெரிவித்தார்.

அதே படத்தில் இன்னொரு மொழியும் பேசப்பட்டது. படையெடுத்து வரும் காலகேயர் கூட்டத்துக்காகச் செய்யப்பட்ட 'கிளிக்கி'. அதை உருவாக்கியவரும் கார்க்கியேதான். ஆக, ஒரே கை இரண்டு மொழிகளில் எழுதியிருக்கிறது. ஒன்று நேற்றுப் பிறந்தது. மற்றது ஈராயிரம் வருஷம் புழங்கியது. புண்படுத்தியது எது? 'காட்டுமிராண்டி'களின் மொழி அல்ல, நம்முடையது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

கிளிக்கியின் கதை எளிமையானது. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த நாட்களில் கார்க்கி குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் செய்தார். அந்தக் குழந்தைகளோடு விளையாட்டாகச் செய்த மொழிக்கு 'கிளிக்' என்று பெயர். 'பாகுபலி'க்காக ராஜமௌலி ஒரு புதுமொழி கேட்டபோது அந்த விதையிலிருந்து சுமார் 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் கொண்ட மொழி வளர்ந்தது. 2020 பிப்ரவரி 21, உலகத் தாய்மொழி நாளன்று, தனி எழுத்தோடு அது பொதுவில் வெளியிடப்பட்டது. குழந்தைகளின் விளையாட்டுப் பாஷை படத்துக்குள் வந்ததும் கொலைவெறிக் கூட்டத்தின் பாஷையாகிவிட்டது. இந்த இடமாற்றம் எப்படி நடந்தது? முதலில் ஒலியைப் பார்ப்போம்.

பெயரே சொல்வதுபோல, நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஒலிகள் இதில் உண்டு. சொடுக்கொலின்னா என்ன? நாம் பேசும்போது நுரையீரலிலிருந்து வரும் காற்றுதான் ஒலியாகிறது. தொல்காப்பியப் பிறப்பியலும் உந்தியிலிருந்து எழும் காற்றிலிருந்தே எழுத்தின் பிறப்பைச் சொல்லத் தொடங்குகிறது. சொடுக்கொலிக்கு அந்தக் காற்று தேவையில்லை. நாக்கின் பின்பக்கம் மேலே ஒட்டிக்கொள்ள, முன்பக்கமும் அடைத்துக்கொள்ள, நடுவில் சிறைப்பட்ட கொஞ்சம் காற்றை நாக்கு உள்ளே இழுத்து விடுவிக்கிறது. 'ட்ளக்' என்று ஓர் ஒலி.

இது நமக்கு அந்நியமா? இல்லை. சாவு வீட்டில் 'ச்சு... ச்சு' என்று இரங்குகிறோமே, அது பல்லில் பிறக்கும் சொடுக்கொலி. மேலூர்ப் பக்கம் வண்டிமாட்டை ஓட்டுகிறவர் கடைவாயோரம் நாக்கைத் தட்டி எழுப்புகிறாரே, அது பக்கச் சொடுக்கொலி. தமிழின் 247 எழுத்தில் இவற்றுக்கு இடமில்லை. சொல்லாகாத ஒலிகள் இவை. இரக்கத்துக்கும் மாட்டுக்கும் என்று ஒதுக்கிவிட்டோம். தென்னாப்பிரிக்காவில் அப்படி இல்லை. நெல்சன் மண்டேலாவின் தாய்மொழியான கோசாவில் இதே ஒலிகள் மெய்யெழுத்துகள். அந்த மொழியின் பெயரே, அவர்கள் வாயில், நம் வண்டிக்காரர் எழுப்பும் அந்தப் பக்கச் சொடுக்கில்தான் தொடங்குகிறது. அதில் பாட்டு இருக்கிறது, சட்டம் இருக்கிறது, கவிதை இருக்கிறது.

ஆக, எந்த ஒலியும் பிறவியிலேயே முரடும் அல்ல, நாகரிகமும் அல்ல. கேட்கிற காதுதான் தரம் பிரிக்கிறது. டோல்கீன் தன் தேவகணம் போன்ற எல்ஃப்களுக்கு ஃபின்னிஷ், வெல்ஷ் மொழிகளின் ஓசையைக் கொடுத்தார்; தீயசக்தியின் மொழியைக் கரகரப்பாக்கினார். 'ஸ்டார் ட்ரெக்' படங்களின் போர்க்குடிக்காக கிளிங்கன் மொழியைச் செய்த மொழியியலாளர் மார்க் ஓக்ரண்ட் தொண்டை ஒலிகளைத் தூக்கலாக வைத்தார். செயப்படுபொருள், வினை, எழுவாய் என்று வாக்கியத்தையே தலைகீழாக்கினார். 'அவர்கள் நம்மைப்போல் இல்லை' என்பதைக் கதை சொல்வதற்கு முன்பே இலக்கணம் சொல்லிவிடுகிறது. கிரேக்கர்கள் 'பார்பரோஸ்' என்றதும் வடமொழியாளர்கள் 'மிலேச்சர்' என்றதும் இதே வேலைதான்: உன் பேச்சு எனக்குப் புரியவில்லை, எனவே நீ மனுஷனில்லை. காலகேயருக்குக் கரிய உடலும் சொடுக்கொலியும் சேர்ந்தே கொடுக்கப்பட்டன என்பதைத் தற்செயல் என்று விட்டுவிட முடியாது. ஒலியைப் புதிதாகச் செய்யலாம். அதைக் கேட்கும் காதைப் புதிதாகச் செய்ய முடியாது.

ஆனால் கிளிக்கியின் இலக்கணத்துக்குள் போனால் வேறொன்று கிடைக்கிறது. அதில் 'மின்' என்றால் நான். 'நிம்' என்றால் நீ. ஒரு சொல்லைத் திருப்பிப்போட்டால் அதன் எதிர்ச்சொல். குழந்தைகளுக்காகப் பிறந்த மொழி என்பது இங்கே தெரிகிறது. நான் இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம், நடுவில் ஒரு கண்ணாடி. இரண்டு சொல்லும் ஒரே நீளம், ஒரே எடை. நானும் நீயும் ஒரே உயரத்தில் நிற்கிறோம்.

இப்போது தமிழின் முன்னிலைக்கு வாருங்கள். நீ, நீர், நீங்கள், தாங்கள். வா, வாங்க, வாரும். யார் யாரை எதைச் சொல்லி அழைக்கலாம் என்பதை இலக்கண நூல் முழுதாகச் சொல்லவில்லை, ஊர் சொல்கிறது. அறுபது வயசுப் பெரியவரை ஆதிக்கச் சாதிச் சிறுவன் ஒருத்தன் 'ஏய், இங்க வாடா' என்கிறான். பெரியவர் 'வாங்க சாமி' என்கிறார். இந்த உரையாடலை மதுரைச் சுற்றுவட்டாரத்தில் நாம் கேட்டிருக்கிறோம். இதைக் கிளிக்கியில் மொழிபெயர்த்துப் பாருங்கள். 'மின்–நிம்' இணையில் இதற்கு இடமில்லை. நாம் காட்டுமிராண்டி என்று ரசித்தவர்களின் வாயில் சமத்துவமான ஒரு முன்னிலை இருக்கிறது. செம்மொழி பேசும் நம் வாயில் இல்லை.

சசூர், குறிப்பானுக்கும் குறிப்பீட்டுக்கும் உள்ள உறவு இடுகுறித் தன்மையானது என்றார். செய்யப்பட்ட மொழியில் இது கண்கூடு: ஒருத்தர் உட்கார்ந்து இட்டார், குறியாயிற்று. பக்தின் இன்னொன்றைச் சேர்க்கிறார்: நாம் எடுக்கும் சொல் ஏற்கெனவே பிறர் வாயில் இருந்த சொல், அவர்களுடைய தொனியும் நோக்கமும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 'நிம்' என்ற சொல்லில் ஒருவரும் ஒருவரையும் அடித்ததில்லை. 'பகடை'யில் அப்படியில்லை. அகராதிப்படி அது தாயம் உருட்டும் காய். ஆனால் தென்மாவட்டங்களில் அது ஒரு சாதிப்பெயர். 2009இல் தமிழக அரசு கொண்டுவந்த அருந்ததியர் உள்ஒதுக்கீட்டுச் சட்டத்தில் உள்ள 7 பெயர்களில் ஒன்று. பூலித்தேவரின் படைத்தளபதி ஒண்டிவீரனை 'ஒண்டிவீரப் பகடை' என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதே சொல்லைத் தெருவில் எச்சில்போலத் துப்புகிறவர்களும் இருக்கிறார்கள். சூதாட்டக் காய் என்ற பொருளில்தான் எழுதினேன் என்று கார்க்கி விளக்கியதை நம்பலாம். நம்பும்போதுதான் பிரச்சினை இன்னும் பெரிதாகிறது. ஒரு மொழியை நன்றாகக் கற்றவருக்கே அதன் ஒரு சொல் யாரை எப்படி வதைத்தது என்பது தெரியாமல் போக முடிகிறது. அகராதிக்கும் தெருவுக்கும் நடுவே அவ்வளவு தூரம். குண்டு வீசியதை நியாயப்படுத்த வேண்டியதில்லை. அந்தத் தூரத்தைப் பேசாமல் குண்டை மட்டும் பேசுவதும் நியாயமில்லை.

மொழியைச் செய்வது மேதைகள் வேலை என்று நினைக்க வேண்டாம். நன்னூல் சொல்லும் குழூஉக்குறி இதுதானே? பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பார் என்று உரைகாரர்கள் காட்டுகிறார்கள். மாட்டுச்சந்தையில் தரகர்கள் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வோர் எழுத்துக்கு முன்னாலும் 'க' சேர்த்து 'க' பாஷை பேசுகிறார்கள். தன்னை மறைத்துக்கொள்ளவும் தனக்கென ஓர் இடம் பிடிக்கவும் ஜனங்கள் எப்போதும் மொழி செய்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

நம்மைப் போல எழுதுகிறவர்களால் புதுமொழி செய்து தப்பித்துவிட முடியாது. இந்தப் பழைய மொழியில்தான் எழுதியாக வேண்டும். ஒரு சொல்லை எடுக்கும்போது அகராதியில் அதன் பொருள் என்ன என்று பார்க்கிறோம். அந்தச் சொல்லால் யார் கூப்பிடப்பட்டார்கள், கூப்பிட்டவன் எந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தான், கூப்பிடப்பட்டவர் எவ்வளவு தூரத்தில் நின்றார் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அதைக் கேட்க வேண்டிய இடம் நூலகம் அல்ல, சேரி.