பரணில் கிடைத்த பேஸ்பால் கார்டுகள்: விலை போடுவது எப்படி?

2022 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஹெரிட்டேஜ் ஏல நிறுவனம் ஒரே ஒரு பேஸ்பால் கார்டை 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விற்றது. 1952-ல் டாப்ஸ் நிறுவனம் பபிள்கம்மோடு சேர்த்துச் சிறுவர்களுக்கு விற்ற கார்டு அது. நியூயார்க் யாங்கீஸ் வீரர் மிக்கி மேன்டிலின் படம் போட்டது. வரிசை எண் 311. விற்றவர் அதை 1991-ல் 50,000 டாலருக்கு வாங்கியிருந்தார்.

இப்படி ஒரு செய்தி வந்தால் போதும், அமெரிக்க வீடுகளில் பரணில் கிடக்கும் ஷூ பெட்டிகள் கீழே இறங்கிவிடும். தாத்தாவோ அப்பாவோ சிறு வயதில் சேர்த்த கார்டுகள் சில நூறு, சில ஆயிரம் அதில் இருக்கும். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: இது எவ்வளவு போகும்?

கடைக்காரரிடம் கேட்டால் ஒரு தொகை, ஏல நிறுவனத்தில் கேட்டால் வேறொரு தொகை, காப்பீட்டுக்காக மதிப்பிடுபவர் எழுதித் தருவது மற்றொரு தொகை. யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று தோன்றும். அப்படி இருக்க வேண்டியதில்லை. ஒரு தொகுப்புக்கு ஒரே நேரத்தில் மூன்று மதிப்புகள் இருக்க முடியும். தொலைந்தால் திரும்ப வாங்க ஆகும் தொகை ஒன்று. பொறுத்திருந்து ஏலத்தில் விற்றால் வருவது ஒன்று. இன்றே பணம் வேண்டும் என்று கடையில் கொடுத்தால் கிடைப்பது ஒன்று. காப்பீட்டுக்கா, விற்பனைக்கா, வாரிசுகள் பங்கு பிரிக்கவா என்று முதலில் தெளிவாக வேண்டும். அதன் பிறகு கார்டுகளுக்கு வரலாம்.

ஆண்டுவாரியாகப் பிரித்தல்

முதல் வேலை, கார்டுகளைத் தயாரிப்பு நிறுவனம், ஆண்டு என்று பிரிப்பது. கார்டின் பின்பக்கத்தில் வரிசை எண்ணும் வீரரின் ஆட்டக் கணக்கும் இருக்கும். பொதுவாக அந்தக் கணக்கு எந்த ஆண்டோடு முடிகிறதோ, அதற்கு அடுத்த ஆண்டு வெளியான கார்டு என்று கொள்ளலாம்.

சேகரிப்பாளர்கள் ஏறத்தாழ 1980 வரை வந்தவற்றையே ‘விண்டேஜ்’ என்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முந்தியவை தனி ரகம். சிகரெட் பாக்கெட்டிலும் மிட்டாயோடும் வந்தவை அவை. 1981-ல் ஃப்ளீர், டான்ரஸ் நிறுவனங்கள் டாப்ஸுக்குப் போட்டியாகக் களம் இறங்கின. எண்பதுகளின் கடைசியில், கார்டு வாங்கிப் பூட்டி வைத்தால் பிள்ளைகளின் கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்ற நம்பிக்கை பரவியது. நிறுவனங்கள் அச்சடித்துத் தள்ளின. மக்களும் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். எல்லோரும் பத்திரமாக வைத்த பொருளுக்கு ஏது கிராக்கி? அந்தக் காலத்தை இன்று ‘ஜங்க் வேக்ஸ்’ காலம் என்றே கேலியாகக் குறிப்பிடுகிறார்கள். அக்காலத்தின் புகழ்பெற்ற கார்டு, 1989-ல் அப்பர் டெக் வெளியிட்ட கென் கிரிஃபி ஜூனியர். அதில், கார்டின் நிலையைப் பார்த்துத் தரமிடும் நிறுவனங்களிடம் முழு மதிப்பெண் பெற்றவையே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பெட்டி முழுக்க 1987 முதல் 1993 வரையிலான கார்டுகள்தான் என்றால், பெரும்பாலும் ஆசையைக் குறைத்துக்கொள்வது நல்லது.

அரிதானது எல்லாம் விலை உயர்ந்ததா?

பழைய கார்டுகள் குறைவாக இருப்பதற்குக் காரணம், அவற்றை யாரும் மதிக்காததுதான். சிறுவர்கள் சைக்கிள் சக்கரக் கம்பிகளில் செருகிச் சத்தம் எழுப்பினார்கள். பையன் வளர்ந்து வெளியூர் போனதும் அம்மாக்கள் குப்பையில் போட்டார்கள். டாப்ஸ் நிறுவனத்தின் சை பெர்கர், விற்காமல் தங்கிய 1952-ம் ஆண்டுக் கார்டுப் பெட்டிகளை 1960-ல் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மேன்டில் கார்டு அந்தத் தொகுதியிலேயே அரிதான கார்டு கிடையாது. அச்சுத் தாளில் அவர் படம் இரண்டு இடங்களில் இருந்தது. ஆகவே அதே வரிசையில் வந்த பல வீரர்களின் கார்டுகளைவிட மேன்டில் கார்டுகள் இரு மடங்கு அச்சாயின. அது அவருடைய முதல் கார்டும் இல்லை; முதலாவது 1951-ல் போமன் நிறுவனம் வெளியிட்டது. இருந்தும் விலை 1952-க்குத்தான். போருக்குப் பின் பிறந்த தலைமுறைக்கு மேன்டில்தான் நாயகன். டாப்ஸின் முதல் பெரிய தொகுதியும் அதுவே. கேட்பவர் பலர் இருந்தால் பொருள் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் விலை ஏறும். கேட்பார் இல்லாத வீரரின் கார்டு பத்தே பத்து இருந்தாலும் விலை ஏறாது.

எண்ணிக்கைக் குறைவு பெருமளவில் விலையைத் தூக்கி நிறுத்திய கார்டும் உண்டு. 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனம் சிகரெட்டோடு தந்த டி206 தொகுதியில் ஹோனஸ் வாக்னரின் கார்டு அது. அவர் ஆட்சேபம் தெரிவித்ததால் அச்சு நிறுத்தப்பட்டது. இன்று இருப்பதாக அறியப்படுபவை சுமார் 60. அவற்றில் ஒன்று, பத்துக்கு 2 மதிப்பெண் மட்டுமே பெற்றது, 2022-ல் 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. ஏராளமாக இருக்கும் கார்டுக்கு அதன் நிலைதான் விலையைத் தீர்மானிக்கும். அறவே அரிதான கார்டு கசங்கியிருந்தாலும் விலை போகும்.

நான்கு மூலை, நான்கு ஓரம்

நிலையை எப்படிப் பார்ப்பது? கார்டை நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வழியாகப் பார்க்க வேண்டும். மூலைகள் கூராக இருக்கின்றனவா, நுனி வெளுத்து நார் பிரிந்திருக்கிறதா? ஓரங்களில் சிராய்ப்பு உண்டா? மேற்பரப்பில் மயிரிழை மடிப்பு இருந்தால் நேராகப் பார்க்கும்போது தெரியாது, சாய்த்தால்தான் தெரியும். கடைசியாக, படம் நடுவில் இருக்கிறதா? இடது வெள்ளை ஓரம் 3 மில்லிமீட்டர், வலது ஓரம் 2 மில்லிமீட்டர் என்றால் அது 60-க்கு 40. அந்த ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது, விலையில் தெரியும்.

இந்தச் சோதனையைக் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்து, 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, பிரிக்க முடியாத பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தரும் நிறுவனங்கள் உள்ளன. 1991-ல் தொடங்கிய பி.எஸ்.ஏ. முதன்மையானது. எஸ்.ஜி.சி., பெக்கெட் நிறுவனங்களும் உண்டு. 1 கோடியே 26 லட்சத்துக்குப் போன மேன்டில் கார்டு எஸ்.ஜி.சி.-யிடம் 9.5 வாங்கியது. பி.எஸ்.ஏ.-விடம் 9 வாங்கிய மேன்டில் ஒன்று 2021 ஜனவரியில் 52 லட்சத்துக்கு விற்றது. மூலை தேய்ந்து மடிந்த மேன்டிலுக்கும் பல்லாயிரம் டாலர் கிடைக்கும். கார்டு ஒன்றே, நிலைதான் வேறு.

அதற்காகப் பெட்டியில் உள்ள எல்லாவற்றையும் அனுப்பக் கூடாது. கார்டின் மதிப்பு ஏற ஏற கட்டணமும் ஏறும். சாதாரண வீரரின் தேய்ந்த கார்டுக்கு, கார்டின் விலையைவிடக் கட்டணமே அதிகமாகிவிடும். நட்சத்திர வீரர்கள், முதல் கார்டுகள், மூலை கெடாதவை என்று பொறுக்கி எடுத்து அவற்றை மட்டும் அனுப்புவதே வழக்கம். பெரும்பாலான தொகுப்புகளில் மொத்த மதிப்பின் பெரும்பங்கைச் சுமப்பவை இந்தச் சில கார்டுகள்தாம்.

அசலா, கைவைத்ததா?

1952-ம் ஆண்டுக் கார்டு 2⅝ அங்குல அகலம், 3¾ அங்குல உயரம். இன்றைய கார்டுகளைவிடப் பெரியது. 1983-ல் டாப்ஸே இந்தத் தொகுதியை மறு அச்சு செய்தது. அது இன்றைய அளவில் இருக்கும், பின்பக்கத்தில் மறு அச்சு என்று குறிப்பும் இருக்கும். பரணில் கிடைக்கும் ‘மேன்டில்’கள் பல இங்கேயே விழுந்துவிடும்.

ஏமாற்றும் நோக்கத்தோடு செய்த போலிகளுக்கு லென்ஸ் உதவும். பழைய கார்டில் எழுத்துகளும் கோடுகளும் ஒரே மையில் கெட்டியாக அச்சாகியிருக்கும். ஸ்கேன் செய்து அடித்த நகலில் எழுத்தும் வண்ணப் புள்ளிகளாகச் சிதறித் தெரியும். போருக்கு முந்திய காகிதத்தில் வெண்மையூட்டும் ரசாயனம் சேர்ப்பதில்லை. அக்காலக் கார்டு என்று சொல்லப்படுவது புற ஊதா விளக்கில் நீலமாகப் பளிச்சிட்டால் சந்தேகப்பட வேண்டும்.

அசல் கார்டிலேயே கைவைப்பது இன்னொரு வகை மோசடி. தேய்ந்த ஓரத்தைச் சீவிக் கூராக்குவார்கள், மடிப்பை அழுத்தி மறைப்பார்கள், வெளுத்த இடத்தில் வண்ணம் தீட்டுவார்கள். பனிவளைகோல் பந்தாட்ட வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் ஒரு கூட்டாளியும் 1991-ல் 4,51,000 டாலருக்கு வாங்கிய வாக்னர் கார்டு உலகப் புகழ் பெற்றது, பி.எஸ்.ஏ. அதற்கு 8 கொடுத்திருந்தது. அதை முன்பு விற்றிருந்த வணிகர் பில் மாஸ்ட்ரோ, அதன் ஓரத்தைத் தாம் வெட்டியதை 2013-ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். மதிப்பெண் என்பது ஒரு நிபுணரின் கருத்து. பிழைக்கு அப்பாற்பட்டது அல்ல.

வீட்டில் இருப்பவர்களுக்கும் இதில் எச்சரிக்கை உண்டு. ஈரத்துணியால் துடைப்பது, பென்சில் கிறுக்கலை அழிப்பது, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுவது எதுவும் கூடாது. மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தொடாமல் வைப்பதே போதும்.

கேட்ட விலையும் விற்ற விலையும்

கார்டு எது, நிலை என்ன என்று தெரிந்த பிறகு விலை. இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது விற்பவர் கேட்கும் தொகை. யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். ஈபே தளத்தில் ‘விற்றவை’ என்ற பிரிவை மட்டும் தேர்ந்து, அதே ஆண்டு, அதே எண், அதே மதிப்பெண் கொண்ட கார்டு கடைசியாக எவ்வளவுக்குப் போனது என்று பார்க்க வேண்டும். உயர்ந்த கார்டுகளுக்கு ஏல நிறுவனங்களின் பழைய முடிவுகள் கிடைக்கும். தரமிடும் நிறுவனங்கள் எந்த மதிப்பெண்ணில் எத்தனை கார்டு இருக்கிறது என்ற பட்டியலையும் வெளியிடுகின்றன.

தேதியும் முக்கியம். கொரோனா காலத்தில் கார்டுகளுக்கு வெறியே பிடித்தது. 1986-ல் ஃப்ளீர் வெளியிட்ட மைக்கேல் ஜோர்டன் கூடைப்பந்துக் கார்டு, பி.எஸ்.ஏ. 10 பெற்றது, 2021 ஜனவரியில் 7,38,000 டாலருக்கு விற்றது. அதே மதிப்பெண் பெற்றவை முந்நூறுக்கும் மேல் இருந்தன. விலையைப் பார்த்து மற்றவர்களும் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டுக்குள்ளேயே விலை பாதிக்கும் கீழே போனது. ஒரு உச்ச விலையைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போட்டவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

கைக்கு எவ்வளவு வரும்?

செய்தியில் வரும் ஏல விலை விற்பவருக்குப் போகும் தொகை என்று நினைக்க வேண்டாம். மேன்டில் கார்டின் 126 லட்சத்தில் ஏலம் முடிந்த தொகை 105 லட்சம். மீதி, வாங்கியவர் ஏல நிறுவனத்துக்குக் கொடுத்த 20 சதவீதக் கட்டணம். விற்பவரிடமும் தனியாகத் தரகு பிடிக்கலாம். ஒரு கணக்குக்கு, ஏலம் 10,000 டாலரில் முடிந்து விற்பவர் தரகு 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். செய்தியில் வருவது 12,000. விற்றவர் கைக்கு வருவது 9,000. பழைய நகையை விற்கப் போனால் செய்கூலி, சேதாரத்துக்குக் கொடுத்த பணம் திரும்பாதது போலத்தான் இதுவும். ஈபேயிலும் பத்து சதவீதத்துக்கு மேல் கட்டணம் போகும். கடைக்காரர் வாடகை, லாபம், விற்காமல் தங்கப்போவது எல்லாம் கழித்தே விலை சொல்வார். அமெரிக்காவில் சேகரிப்புப் பொருள்களின் நீண்டகால லாபத்துக்கு 28 சதவீதம் வரை வரி உண்டு. வாரிசாக வந்தது என்றால், உரியவர் இறந்த நாளின் மதிப்பிலிருந்தே பொதுவாக லாபம் கணக்கிடப்படும் என்பதால், அந்தத் தேதிக்கான மதிப்பீட்டை எழுதி வாங்கி வைப்பது பின்னால் உதவும்.

எப்படி விற்கிறோம் என்பதும் மதிப்பை மாற்றும். 2012-ல் ஓஹையோ மாநிலத்தின் டிஃபையன்ஸ் ஊரில், இறைச்சிக் கடை நடத்திய ஒருவரின் வீட்டுப் பரணில் கரி படிந்த அட்டைப்பெட்டி கிடைத்தது. உள்ளே நூலால் கட்டிய சுமார் 700 கார்டுகள், 1910 வாக்கில் மிட்டாயோடு வந்த இ98 தொகுதியைச் சேர்ந்தவை, புதிது போல இருந்தன. மொத்த மதிப்பு 30 லட்சம் டாலர் வரை போகலாம் என்று நிபுணர்கள் கணித்தார்கள். சிக்கலும் அதிலேயே இருந்தது. அவ்வளவு நல்ல நிலையில் அதுவரை கிடைக்காதவை என்பதால்தான் விலை. 700-ஐயும் ஒரே நாளில் கொட்டினால் அந்த அருமை போய்விடும். முதலில் 37 கார்டுகள் மட்டும் ஏலத்துக்கு வந்து 5 லட்சம் டாலருக்கு மேல் ஈட்டின. மற்றவற்றைப் பிரித்துப் பிரித்து விற்கத் திட்டமிட்டார்கள். அவசரப்பட்டிருந்தால் அதே பெட்டிக்கு வேறு தொகைதான் கிடைத்திருக்கும்.

ஆகவே மதிப்பீடு கேட்கப் போகும்போது பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு போக வேண்டும்: ஆண்டு, நிறுவனம், எண், வீரர், நிலை, முன்பின் படங்கள். வாங்க விரும்பும் ஒருவரே மதிப்பும் சொன்னால், குறைந்தது இன்னொருவரிடமும் கேட்க வேண்டும். அவர் சொல்லும் தொகை, முதலில் பார்த்த மூன்று மதிப்புகளில் எது என்றும் கேட்க வேண்டும். அதற்குத் தெளிவாகப் பதில் சொல்லாதவரிடம் பெட்டியை விட்டுவிட்டு வர வேண்டாம்.