மருந்து போட்டும் கோழிக்குஞ்சுகள் சாவதேன்?

வாலாஜாபாத் பகுதியில் நெல்லோடு நாலு கோழியும் வளர்க்கும் உழவர்களுக்கு வெள்ளைக்கழிச்சல் பழகிய பகை. தடுப்பு மருந்து போட்ட பிறகும் குஞ்சுகள் மடிந்தால் மருந்தின் மேல்தான் ஐயம் எழும். வெயிலில் வைத்த மருந்து கெட்டுப்போவது உண்மையே. ஆனால் குஞ்சின் உடம்புக்குள்ளும் ஒரு காரணம் இருக்கலாம்.

எச்சத்துவாரத்துக்கு மேலே, முதுகுப்பக்கமாக, குஞ்சுக்குச் சிறு பை ஒன்று உண்டு. பர்சா என்பது அதன் பெயர். அமெரிக்காவின் ஓஹியோவில் இதை அகற்றிய கோழிகளுக்கு வகுப்பறைச் சோதனை ஒன்றில் நோய்க்கிருமியை ஊசியாகச் செலுத்தியபோது, எதிர்ப்புப் பொருள் உண்டாகவில்லை. 1956-இல் இது வெளியாயிற்று. நோயை எதிர்க்கும் ஒருவகை உயிரணுக்கள் இப்பையில்தான் வளர்கின்றன.

தென்னேரி மதகை நினைத்துக்கொள்ளுங்கள். ஏரியில் நீர் இருந்தால் போதாது; எந்த மதகை எப்போது திறப்பது என்பதே கணக்கு. ஒவ்வோர் உயிரணுவிலும் பிழைக்க வைக்கும் மரபணுக்களும் மடிய வைக்கும் மரபணுக்களும் இருக்கின்றன. எது திறக்கிறதோ அதன்படி அணு வாழும் அல்லது தானே மடியும். பையில் பிறக்கும் அணுக்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 5 மட்டுமே இரத்தத்துக்குச் செல்கின்றன. எதிர்ப்புப் பொருளைச் சரியாக உண்டாக்க இயலாதவை கழிக்கப்படுகின்றன. விதை நெல்லைப் புடைத்தெடுப்பது போலத்தான்.

கம்போரோ நோயின் நச்சுயிரி இந்த ஒழுங்கைக் குலைக்கிறது. அது நுழைந்த அணுக்களும் மடிகின்றன. அருகிலுள்ள நல்ல அணுக்களிலும் மடியும் மதகு திறந்துவிடுகிறது. 3 முதல் 6 வார வயதில் தாக்கினால் குஞ்சு சோர்ந்து கழியும், நமக்குத் தெரியும். 3 வாரத்துக்குள் தாக்கினால் பெரும்பாலும் வெளியே ஒன்றும் தெரியாது. அதுதான் மோசம். பிறகு வெள்ளைக்கழிச்சலுக்கு மருந்து போட்டாலும், அதை ஏற்று எதிர்ப்புப் பொருள் உண்டாக்கப் போதிய அணுக்கள் அங்கே இருப்பதில்லை.

ஆகவே முதல் வாரத்தில் வெள்ளைக்கழிச்சலுக்குச் சொட்டு மருந்து கொடுப்பதோடு நில்லாமல், 14-ஆம் நாளையொட்டிக் கம்போரோ மருந்தும் கொடுக்க வேண்டும். முந்திக் கொடுத்தால் தாய்வழி வந்த எதிர்ப்புப் பொருள் மருந்தையே முறித்துவிடும். சரியான நாளைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டறிக. இந்த நச்சுயிரி கொட்டகையில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். பழைய கூளத்தின் மேல் புதுக் குஞ்சுகளை விடாதீர்கள்.

குஞ்சு செத்தால் புதைக்கும் முன் மருந்தகத்துக்கு எடுத்துச் சென்று பர்சாவை அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நோய் கண்ட 4-ஆம் நாள் அது இரு மடங்காக வீங்கியிருக்கும். 8-ஆம் நாளுக்குள் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.